ஒன்பது பெயர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நீங்கள் நேரில் பார்த்த கொரியப் பெண் குழுக்களின் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்தேன். விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் நான். பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு ஆடும் பெண்களையும், காசு கொடுத்து வாங்கிய விளக்குகளைக் கூட்டமாக ஆட்டும் பிள்ளைகளையும் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். அதில் இல்லாத எது நேரில் கிடைத்துவிடப் போகிறது? கேட்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ட்வைஸ் என்ற குழுவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கப் பணம் சேர்க்கிறாள். இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யார் யார் பெயரையோ மந்திரம் போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் சற்றுக் கலக்கமாக இருக்கிறது.

த.க., கும்பகோணம்

அன்புள்ள த.க. ஐயாவுக்கு,

முதலில் வீட்டின் கலக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் பேத்தி பாடம் படிக்கிறாள். கொரியாவில் இத்தகைய குழு ஒன்று புதிய பாடலை வெளியிடும்போது, அதன் எந்த இடத்தில் ரசிகர்கள் எந்தச் சொல்லை முழங்க வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் உடன் வெளியாகும். கொரியர்கள் அதை 'உங்வொன்பொப்' என்கிறார்கள். உற்சாகப்படுத்தும் முறை என்று பொருள் கொள்ளலாம். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது ஃபேன்சான்ட். குரல் தொடங்குவதற்கு முன் வரும் வெற்று இசையில் உறுப்பினர்களின் பெயர்கள் வரிசையாக வரும். பிறகு வரிகளின் இடைவெளிகளில் ஒரு சொல், சில இடங்களில் ஒரு முழு வரி. இதை மனப்பாடம் செய்யாமலும் அரங்குக்குப் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் முழங்கும்போது வாய்மூடி அமர்ந்திருப்பவர், தாளம் தெரியாமல் சபாவின் முதல் வரிசையில் மாட்டிக்கொண்டவரைப் போலக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பு எனக்கு நேர்ந்தது என்பதால் சொல்கிறேன்.

நான் பார்த்த முதல் நிகழ்ச்சி ப்ளாக்பிங்க் குழுவுடையது; 2023 மே 13 அன்று, சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில். தோழி ஒருத்திக்கு வர முடியாமல் போனதால் அவளுடைய டிக்கெட் என் கைக்கு வந்தது. இல்லையென்றால் போயிருக்கவே மாட்டேன். 55,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் என் இருக்கை மேல்தளத்தில் இருந்தது. ஜிஸூ, ஜென்னி, ரோஸே, லிசா ஆகிய நால்வரும் அங்கிருந்து என் சுண்டுவிரல் நகத்தின் உயரம்கூட இல்லை. எனவே நானும் மற்றவர்களைப் போலப் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்மையாகச் சொன்னால், முதல் அரைமணி நேரம் நான் உங்கள் கட்சி. இதை வீட்டில் விசிறிக்குக் கீழே அமர்ந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எதிர்ப்புறம் அமர்ந்திருந்தவர்கள் எழுப்பிய முழக்கம் எங்கள் பக்கத்து முழக்கத்துக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. முதலில் அவர்கள்தான் தப்பாகச் சொல்கிறார்கள் என்று எண்ணினேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். அரங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவர்களுடைய குரல் என்னை வந்தடைய அரை நொடிக்கு மேல் ஆகும். துரித நடையில் போகும் பாட்டில் அது ஒரு தட்டுக்கும் அதிகம். அவர்களுடைய காதில் நாங்கள்தான் பிந்தியவர்கள். ஆனால் கையிலிருந்த விளக்குகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ப்ளாக்பிங்க் ரசிகர்களின் விளக்கு குழந்தைகளின் பொம்மைச் சுத்தியலைப் போல இருக்கும்; அடித்தால் 'கீச்' என்று கத்துமோ என்றே தோன்றும். காதுக்கு ஒன்றுசேராத அந்தக் கூட்டம் கண்ணுக்கு ஒரே கணத்தில் அணைந்து, ஒரே கணத்தில் இளஞ்சிவப்பாக மலர்ந்தது. கைப்பேசியில் வரும் காணொலியில் இந்தத் தாமதம் கேட்காது. ஒலிப்பதிவாளர் அதைச் சீராக்கியிருப்பார். எனக்கு அந்தப் பிசிறுதான் பிடித்தது. அவ்வளவு பெரிய இடத்தில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் உணர்த்தவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ட்வைஸ் நிகழ்ச்சிக்கு நானே டிக்கெட் எடுத்தேன். இது பக்கத்திலேயே உள்ள உள்ளரங்கம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே வடிவமைத்து 1989-இல் திறக்கப்பட்டது. சுமார் 12,000 பேர் கொள்ளும். தூரம் குறைவு. எனவே முழக்கம் பிசிறாமல் கட்டியாக எழுந்தது. ட்வைஸின் விளக்குக்குக் கேண்டிபாங் என்று பெயர். 'பாங்' என்பது கொரிய மொழியில் கோல். அதைக் கைப்பேசிச் செயலியோடு இணைத்து, நம் இருக்கை எண்ணைப் பதிந்துவிட்டால், அதன் நிறத்தை அதன் பிறகு மேடைக் குழுவினர் மாற்றிக்கொள்வார்கள். என்னுடையது இணையவில்லை. எங்கள் வரிசை முழுதும் நீலமாக ஒளிர, நான் மட்டும் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் பள்ளிச் சீருடை மாற்றாமலேயே வந்திருந்த சீனச் சிறுமி, "கொடுங்க ஆன்ட்டி" என்று ஆங்கிலத்தில் சொல்லி வாங்கி, எதையோ அழுத்தித் திருப்பித் தந்தாள். தந்த கையோடு, பெயர்கள் தெரியுமா என்றும் கேட்டாள். தெரியும் என்று பொய் சொன்னேன்.

பேத்தி சொல்லும் பெயர்கள் இவையாகத்தான் இருக்க வேண்டும்: இம் நாயோன், யூ ஜங்யோன், மோமோ, சானா, பார்க் ஜிஹ்யோ, மினா, கிம் தாஹ்யோன், சோன் சேயோங், ட்ஸுவி. வயது வரிசை, மூத்தவர் முதலில். கொரியப் பெண்களுக்குக் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும்; ஜப்பானியர்களான மோமோ, சானா, மினாவுக்கும் தைவானைச் சேர்ந்த ட்ஸுவிக்கும் பெயர் மட்டும். ஆகவே நடை ஒரே சீராக ஓடாது. 'மோமோ, சானா' என்ற இடத்தில் சட்டென்று குறுகி, 'பார்க் ஜிஹ்யோ'வில் மீண்டும் விரியும். அந்த இடத்தில்தான் நான் மூன்று பாடல்கள் வரை தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன். சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இனி உங்கள் முதல் குற்றச்சாட்டு. அவர்கள் பதிவு செய்த குரலின் மேல் பாடுகிறார்கள் என்பது உண்மைதான். முழுவதும் உண்மை அல்ல. குரலே இல்லாத பின்னணி இசை, குரலும் சேர்ந்த பின்னணி, பல்லவியில் மட்டும் கூட்டுக் குரலைத் தாங்கலாக வைத்த பின்னணி என்று பல வகை உண்டு. ரசிகர்களே இதைக் கறாராகப் பிரித்து மதிப்பெண் போடுவார்கள். ஓடி ஆடி முடித்தவுடன் வரும் வரியில் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்கிறதா என்று நான் பார்ப்பேன்; அந்த இரவில் பல இடங்களில் கேட்டது. தலைவி ஜிஹ்யோ அறிமுகத்துக்கு முன் பத்தாண்டுகள் பயிற்சியில் இருந்தவர். அவருடைய குரல் அரங்கின் கடைசி வரிசை வரை தடுமாறாமல் போனது. வேறு சில இடங்களில் தாங்கலே பெரும்பகுதியைத் தூக்கிச் சுமந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. நாகஸ்வரத்தை அளக்கும் கோலால் அளந்தால் இது தேறாது. இங்கே பாட்டு, ஆட்டம், ஒளி, கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்த மொத்தமே படைப்பு. இதில் மேடையின் பங்கு முக்கால்தான். மிச்சத்தைக் கீழே இருப்பவர்கள் வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்து சேர்க்கிறார்கள்.

காசு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. விளக்கு விலை அதிகம். அதைவிட மோசமானது, எந்த உறுப்பினரின் படம் வரும் என்று தெரியாதபடி இசைத்தட்டுக்குள் ஃபோட்டோ கார்டை வைத்து, ஒரே தட்டைப் பல தடவை வாங்க வைப்பது. பேத்தியிடம் டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் விளக்கை வெறும் விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. 1990களின் இறுதியில் இந்த விளக்குகள் இல்லை; பலூன்கள்தான். அன்றைய பெண் குழுக்களில் எஸ்.ஈ.எஸ். ரசிகர்கள் ஊதா, ஃபின்.கே.எல். ரசிகர்கள் சிவப்பு என்று நிறத்தால் அரங்கைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2008 ஜூன் 7 அன்று தென்கொரியத் தலைநகர் சோலில் பல குழுக்கள் பங்கேற்ற ட்ரீம் கன்சர்ட் நடந்தபோது, அறிமுகமாகி ஓராண்டுகூட ஆகாத கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற குழு மேடையேறியதும், மற்றக் குழுக்களின் ரசிகர்கள் தங்கள் விளக்குகளை அணைத்துவிட்டு ஓசையின்றி அமர்ந்தார்கள். ஒன்பது இளம்பெண்கள் ஏறத்தாழ பத்து நிமிடம் இருட்டை நோக்கிப் பாடி ஆடினார்கள். கருங்கடல் என்று ரசிகர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை, வெளிச்சத்தை மட்டும் தர மறுத்தார்கள். அதே குழுவின் 2007 அறிமுகப் பாடலை 2016-இல் சோலின் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள், போராட்டம் ஒன்றில் காவலர்கள் முன்னால் கைகோத்து நின்று பாடினார்கள். 2024 டிசம்பரில் இராணுவச் சட்ட அறிவிப்புக்குப் பிறகு தென்கொரியத் தேசிய சட்டமன்றத்தின் முன் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடியவர்களில் ஏராளமான இளம்பெண்கள் தத்தம் குழுவின் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். மெழுகுவத்தி காற்றில் அணைந்துவிடும், அது அணையாது.

மூன்றாவதாகப் பார்த்தது ஏஸ்பா என்ற குழுவை. 2024 ஜூலை 20, அதே உள்ளரங்கம். இந்த நால்வரும் 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே அறிமுகமானவர்கள். அவர்களின் முதல் மேடைகளுக்கு எதிரே ஆள் இல்லை. மேடையில் இருப்பவர்களின் இரண்டு காதுகளிலும் ஒலிப்பான் செருகப்பட்டிருக்கும். இசையும் தாளக் குறிப்பும் தங்கள் குரலும் அதில் வரும். வெளிச்சத்தம் பெருமளவு அடைபட்டுவிடும். நாம் தொண்டை கிழியக் கத்துவது அவர்களுக்குச் சுவருக்கு அப்பால் பெய்யும் மழைதான். அன்று இறுதிப் பகுதியில், இசை நின்று கூட்டம் மட்டும் பாடிய ஓரிடத்தில், நால்வரில் ஒருவர் ஒரு காதின் ஒலிப்பானைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றார். பாடவில்லை, கையசைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் இது வந்ததா என்று எனக்கு நினைவில்லை. அப்போது நான் திரையைப் பார்க்கவில்லை. எட்டு பத்து நொடிதான் இருக்கும். நேரில் என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களே, என்னிடம் உள்ள விடை அந்த நொடிகள்தான். கைப்பேசியில் நாம் அவர்களைக் கேட்கிறோம். அங்கே அவர்கள் நம்மைக் கேட்டார்கள்.

பேத்திக்கு ஒரு யோசனை மட்டும் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடிக்குரலில் முணுமுணுத்துப் பழகினால், அரங்கில் பெயர்கள் நினைவுக்கு வரும், குரல் எழும்பாது. மொட்டை மாடிக்குப் போய் உரக்கச் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் நீங்கள் விளக்கிக்கொள்ளலாம். வரிசைதான் இப்போது உங்களுக்கும் தெரியுமே.

அன்புடன்.