கைடு வைத்து இம்ப்ளாண்ட்: கேட்டவையும் என் பதில்களும்

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் இம்ப்ளாண்டுக்காக எலும்பில் துளை போடும்போது டிரில்லை வழிநடத்தும் கருவிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர், அம்மாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்க "கைடு" ஒன்று செய்ய வேண்டும் என்கிறார்கள். அது இல்லாமல் வைக்க முடியாதா?

முடியும். 1965இல் ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தபோது கைடு ஏது? இன்றும் எலும்பு தாராளமாக இருக்கும் இடத்தில் அனுபவமுள்ள கை போதும். நரம்போ சைனஸோ பக்கத்தில் இருந்தால், எலும்பு குறுகலாக இருந்தால், முன்பல்லாக இருந்தால் கைடு நல்லது. சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் எலும்பு தெரியும், வாய்க்குள் எடுக்கும் ஸ்கேனில் பல்லும் ஈறும் தெரியும். இரண்டையும் கணினியில் ஒன்றாகப் பொருத்தி, கடைசியில் வரப்போகும் பல்லை முதலில் வரைந்து, அதற்கு ஏற்ப இம்ப்ளாண்டை வைத்துப் பார்ப்பார்கள். அந்த இடமும் சாய்வும் அப்படியே வரும்படி ஓட்டை விட்டு ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் அச்சிடும் மூடிதான் கைடு. அம்மாவுக்கு இதனால் கூடுதல் வலி எதுவும் இல்லை.

கைடு இருந்தால் திட்டம் போட்ட இடத்திலேயே இம்ப்ளாண்ட் உட்காருமா?

உட்காராது. கிட்டத்தட்ட உட்காரும். 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் நுழையும் இடத்தில் சராசரி விலகல் 1.2 மிமீ, நுனியில் 1.4 மிமீ, சாய்வில் 3.5 டிகிரி. இவை சராசரிகள்தான் என்பதை மறக்காதீர்கள். சிலருக்கு இதைவிட அதிகமாகவே விலகியிருக்கும். அதனால்தான் கீழ்த்தாடை நரம்புக்கு மேல் 2 மிமீ விட்டுத் திட்டம் போடச் சொல்கிறோம். "கைடு இருக்கிறதே, 1 மிமீ விட்டால் போதாதா" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கைடு கையில் இருக்கிறது என்பதற்காக அந்த 2 மிமீயைக் குறைக்கக் கூடாது.

அந்த விலகல் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி லேசாக அசைந்திருப்பார். பழைய உலோக கிரவுன்கள் (பல் மூடிகள்) எக்ஸ்ரேயைச் சிதறடிப்பதில் பல்லின் விளிம்பே மங்கி, இரண்டு ஸ்கேன்களும் சரியாகப் பொருந்தாமல் போகும். கைடின் ஓட்டையில் பொருத்தும் குழாயான ஸ்லீவுக்கும் டிரில்லுக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் டிரில் சுற்றாது. அந்த இடைவெளியும் கொஞ்சம் சாய விடும். பல் பிடுங்கிய குழியில் டிரில் கெட்டியான சுவரைத் தவிர்த்து மெத்தென்ற பக்கம் நழுவப் பார்க்கும்; கைடு இருந்தாலும் கை அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், கைடு முழுதாக உட்காராததுதான். ஒருமுறை கைடு தயாராகி வந்து, வாயில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் ரெசினைச் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்கேனுக்குப் பிறகு நோயாளி வேறோர் இடத்தில் பக்கத்துப் பல்லை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! அன்று அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, மறுபடி ஸ்கேன் எடுத்தேன். கைடில் பற்களின் மேல் சிறு ஜன்னல்கள் விடுவது இதற்காகத்தான். ஜன்னல் வழியே பல்லுக்கும் ரெசினுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் டிரில்லைத் தொடாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே பார்த்துவிட்டால் நோயாளிக்கும் வீண் அலைச்சல் குறைவு.

முதுநிலை மாணவன் சார். 10 மிமீ இம்ப்ளாண்டுக்கு டிரில் ஏன் அவ்வளவு நீளம்?

ஸ்லீவின் மேல்விளிம்பிலிருந்து இம்ப்ளாண்டின் தோள்வரை (மேல்முனைவரை) உள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும், தம்பி. அது 9 மிமீ என்றால், ஸ்லீவில் முட்டி நிற்கும் தடுப்பிலிருந்து 19 மிமீ இறங்கும் டிரில் தேவை. பல டிரில்களில் கூர்நுனி இந்தக் கணக்கில் சேராது; குறியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். எவ்வளவு என்று உங்கள் கிட்டின் கையேட்டில் பார்த்துவிட்டு, நரம்பிலிருந்து விடும் தூரத்தைக் கணக்கிடுங்கள்.

இவ்வளவு நீள டிரில் கடைவாய்ப் பக்கம் நுழைய வேண்டுமே?

பலருக்கு நுழையாது. ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்துவிடுங்கள். பக்கவாட்டில் திறந்த ஸ்லீவ் இருந்தால் டிரில்லைச் சரித்து நுழைக்கலாம். இல்லாவிட்டால் முதல் டிரில்லை மட்டும் கைடு வழியே போட்டு, மீதியை வெறும் கையால் முடிக்கலாம்.

பல்லே இல்லாதவர்களுக்குக் கைடு எதன் மேல் நிற்கும்?

ஈறின் மேல். ஈறு அழுந்தும், அதனால் பல்லைப் பிடித்து நிற்கும் கைடு அளவுக்கு நம்ப முடியாது. பல்செட்டில் எக்ஸ்ரேயில் தெரியும் புள்ளிகளை ஒட்டி, அதை நோயாளி அணிந்திருக்கும்போது ஒரு ஸ்கேன், பல்செட்டை மட்டும் தனியாக ஒரு ஸ்கேன் என்று இரண்டு எடுப்போம். அறுவை சிகிச்சையில், இரு தாடைகளும் சேரும் நிலையைப் பதித்த கடிபதிவை வைத்துக் கடிக்கச் சொல்லி, கைடு சரியாக அமர்ந்ததும் பின்களால் எலும்போடு பிணைத்துவிட வேண்டும். பின் போடுவதற்கு முன் கைடு நகர்ந்துவிட்டால் எல்லா இம்ப்ளாண்டும் ஒரே திசையில் தவறிப்போகும்.

கைடு மூடியிருந்தால் டிரில்லின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் எலும்புக்குப் போகுமா?

குறைவாகத்தான் போகும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படுகிறது என்று 1983இலேயே காட்டிவிட்டார்கள். டிரில்லை அடிக்கடி வெளியே எடுங்கள், ஓட்டைக்குள்ளேயே நேராகத் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள், மழுங்கிய டிரில்லைத் தூக்கிப் போடுங்கள்.

நேவிகேஷன், ரோபோ எல்லாம் வந்துவிட்டதே, கைடு இனி தேவையா?

நேவிகேஷனில் கேமரா டிரில்லைப் பின்தொடரும், நீங்கள் திரையைப் பார்த்துத் துளையிடுவீர்கள். நடுவில் திட்டத்தை மாற்றலாம், தண்ணீரும் தாராளமாகப் போகும். ஆனால் வாயைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வேலை செய்யக் கைபழக நாளாகும். ரோபோவுக்கு அமெரிக்காவில் 2016இலேயே அனுமதி கிடைத்தது; 2017இல் சீனாவில் ஒரு ரோபோ தானாகவே இம்ப்ளாண்ட் வைத்தது. இரண்டு மூன்று பல்லுக்கு நான் இன்றும் அச்சிட்ட கைடையே எடுப்பேன்.

லேபில் கைடு அச்சிடுகிறேன். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்கலாமா?

ரெசினைப் பொறுத்தது. சில ரெசின்கள் அந்தச் சூட்டில் வளையும். தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். அதற்கு முன், அச்சிட்ட பிறகு ஒளியில் இறுகவைக்கும் படியை அவசரத்தில் சுருக்கிவிடாதீர்கள். ஸ்லீவ் ஓட்டைக்குள் இறுக்கமாகப் போகவில்லை என்றால் பசையால் சமாளிக்காமல் மறுபடி அச்சிட்டு அனுப்புங்கள்.