கடைசிப் பத்துப் பேர்

வணக்கம் சேர்,

தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தரம் 9க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கல்வி முதுமாணி வகுப்புக்குப் போகிறேன். மற்றப் பாடங்கள் பரவாயில்லை, ஆய்வு முறையியல்தான் தலைக்குள் ஏறவில்லை. கருதுகோள், மாறி, மாதிரி என்று வரைவிலக்கணம் எல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஆய்வு என்று வந்ததும் கை நடுங்குகிறது. தலைப்பு பரீட்சைப் பதகளிப்பு, அதாவது பரீட்சை என்றால் வரும் பயமும் படபடப்பும். இணையத்தில் எடுத்த ஒரு வினாக்கொத்தைத் தமிழாக்கிவிட்டேன். முதலாம் தவணையில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சியும் மேலதிக வகுப்பும் கொடுத்து, இரண்டாம் தவணைப் புள்ளியோடு ஒப்பிடப் போகிறேன். புள்ளிவிபரவியல் பகுதியைக் காசு கொடுத்துச் செய்விக்கலாம் என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் திட்டத்தில் ஒரு குழி இருக்கிறது. நானும் விழுந்த குழி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டிப்ளோமாவுக்குச் செயல்நிலை ஆய்வு (ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்க்கும் ஆய்வு) செய்தபோது நானும் வகுப்பின் கடைசிப் பத்துப் பேரைத்தான் பிடித்தேன். பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் அரை மணித்தியாலம். இரண்டாம் தவணையில் எட்டுப் பேருக்குப் புள்ளி கூடியது. பெருமையாக எழுதிக் கொடுத்தேன், மேற்பார்வையாளரும் ஒன்றும் கேட்கவில்லை. பல வருடம் கழித்துப் பழைய புள்ளிப் பதிவுகளைப் புரட்டியபோதுதான் கண்டேன்: நான் ஒன்றுமே செய்யாத வருடங்களிலும் கடைசிப் பத்தில் பெரும்பாலானோர் அடுத்த தவணையில் ஏறியிருந்தார்கள். முதல் பத்தில் நின்றவர்களில் பலர் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் எடுத்த புள்ளியில் பிள்ளையின் கெட்டித்தனம் மட்டும் இல்லை. அன்றைய காய்ச்சல், படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே கேள்வி வந்தது, வீட்டில் முதல் நாள் நடந்த சண்டை, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். கடைசிப் பத்தைப் பொறுக்கும்போது, அன்றைக்கு எல்லாம் பிழைத்துப்போன பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பொறுக்குகிறோம். அடுத்த முறையும் அவர்களுக்கு அத்தனையும் பிழைக்காது, அதனால் புள்ளி தானாக ஏறும். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கோல்ற்றன் 1886இல் இதையே உயரத்தில் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் கட்டை, மிகக் கட்டையானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிடக் கொஞ்சம் உயரம். சராசரியை நோக்கிய பின்னடைவு என்று பாடநூலில் இருப்பது இதுதான். (பின்னடைவு என்றதும் ஏதோ தோல்வியைச் சொல்கிறார்கள் என்று கனகாலம் நினைத்திருந்தேன்.)

சரி, என்ன செய்யலாம்? பத்துப் பேருக்குப் பதிலாக இருபது பேரை எடுங்கள். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பத்துக்கு இந்தத் தவணை, மற்றப் பத்துக்கு அடுத்த தவணை. ஒரு பிள்ளைக்கும் நட்டமில்லை. தானாக ஏறுவது இரண்டு பக்கமும் ஏறும், உங்கள் பக்கம் அதற்கு மேலும் ஏறியதா என்றுதான் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து சின்னத் தொகை, சின்ன வித்தியாசம் அதில் பிடிபடாது. அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். மூச்சுப் பயிற்சி, மேலதிக வகுப்பு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது, ஒன்றை விடுங்கள். ரியூஷனாலும் புள்ளி ஏறும், ஆனால் யார் ரியூஷனுக்குப் போகிறார்கள் என்று கேட்டுப் பிரயோசனமில்லை. எங்கள் ஊரில் அநேகமாக எல்லாரும் போகிறார்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள்.

இரண்டாம் தவணைப் பேப்பரை நீங்கள் திருத்தக் கூடாது. உங்கள் நேர்மையில் சந்தேகமில்லை, ஆனால் எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரிந்த கை அரைப் புள்ளியைத் தானே போட்டுவிடும். அமெரிக்க உளவியலாளர் றொபேட் றோசென்தாலும் பாடசாலை அதிபர் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், எழுந்தமானமாகத் தெரிவுசெய்த சில பிள்ளைகளை 'இந்த வருடம் மலரப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடக் கூடியது. அந்த அளவீடு சரியா என்று பிறகு பெரிய சண்டையும் நடந்தது. அந்தச் சண்டையையும் தேடி வாசியுங்கள், முறையியல் பாடநூலைவிட அதில் கூடப் படிக்கலாம்.

வினாக்கொத்துக்கு வருவோம். 'பதகளிப்பு' எங்கள் உளவியல்காரரின் சொல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'பதற்றம்' என்றிருக்கும். உங்கள் பிள்ளை சொல்லப்போவது 'நெஞ்சு பக்குப் பக்கெண்டுது'. ஆங்கில மரபுத்தொடரை அப்படியே பெயர்த்த ஒரு தமிழாக்கத்தில் 'என் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன' என்று கண்டிருக்கிறேன், வகுப்பு சிரித்து முடியப் பத்து நிமிடமாகும். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். எங்கே விலகுகிறதோ அங்கே உங்கள் தமிழ் பிழையாக இருக்கலாம். அப்புறம் ஐந்தாறு பிள்ளைகளை இருத்தி, ஒவ்வொரு கேள்வியும் என்ன விளங்கியது என்று கேளுங்கள். தாளைக் கொடுத்து வாங்குவது வேறொருவராக இருக்கட்டும். புள்ளி போடுகிற ரீச்சரிடம் 'எனக்குப் பயமில்லை' என்றுதான் பிள்ளை எழுதும்.

புள்ளிவிபரத்துக்கு நீங்கள் பயப்படுவதை நான் நம்பவில்லை. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் பேச்சு இசட் புள்ளிதான். பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் அது வந்துவிடும். உங்கள் ஆய்வுக்கு வேண்டிய கணக்கும் இதற்குப் பக்கத்து வீடுதான். சராசரிக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசம், புள்ளிகளின் சிதறலோடு பார்த்தால் பெரிதா சிறிதா? இருபது புள்ளியை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு கணினிக்குக் கொடுங்கள். காசு வாங்குகிறவர் அட்டவணை போட்டுத் தருவார், சீட்டுக் குலுக்க மறந்ததைத் திருத்தித் தரமாட்டார்.

அதற்கு முன் ஒரு வேலை. போன வருடப் பதிவை எடுத்து, முதலாம் தவணையின் கடைசிப் பத்துப் பேர் இரண்டாம் தவணையில் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். ஒரு பின்னேரம் போதும். கண்டதை எனக்கும் எழுதுங்கள்.