கடலில் பாசி பெருகப்போவதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கடலோரத்தில் தீங்கான பாசிகள் பெருகுவதை எப்படி ஆராய்கிறார்கள், புயலைச் சொல்வது போல வருமுன் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கடல்நீர் மாதிரிகளை எண்ணும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன். பெருகிவிட்ட பாசி எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சில நாட்களுக்கு ஓரளவு சொல்லிவிடலாம். எப்போது பெருக ஆரம்பிக்கும் என்பதுதான் கஷ்டம்.

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். நானும் பாட்டிலோடு ஓடினேன். அலை உடையும் இடத்தில் மட்டும்தான் நீலம். ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக மின்னி அணைந்தது. ஒளிர்ந்தது நாக்டிலூகா என்ற ஒரு செல் உயிரி. வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்: வெந்த ஜவ்வரிசியைப் பொடிப்பொடியாக நறுக்கி மிதக்கவிட்டது போல.

இது நஞ்சு சுரப்பதாகத் தெரியவில்லை. ஆனால் உடம்பில் அமோனியாவைச் சேர்த்து வைக்கும். கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதன் பச்சை வகை பெருகிக் கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. உண்மையான நஞ்சு வேறு சில இனங்களிடம் இருக்கிறது. அலெக்சாண்ட்ரியம் என்ற பாசி சுரக்கும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு மட்டியிலும் சிப்பியிலும் சேரும், சமைத்தாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சு இருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

சரி, ஆராய்வது எப்படி? படகில் போய்ச் சில ஆழங்களில் தண்ணீர் எடுப்போம். உப்பு, வெப்பம், பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட், பாஸ்பேட் பார்ப்போம். லூகால் என்ற அயோடின் கரைசலைச் சில சொட்டு விட்டால் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரும், உயிரிகள் அப்படியே நிலைக்கும். ஒரு நாள் முழுக்க அடியில் தங்கவிட்டு, 1 மில்லி பிடிக்கிற, 1000 கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் ஒவ்வொரு கட்டமாக எண்ண வேண்டும். கழுத்து வலிக்கும். ஆனால் எந்த இனம், எத்தனை என்று இந்த எண்ணிக்கைதான் சொல்லும்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அந்தப் படங்களை வைத்துப் பாசிப் பெருக்கத் தகவல் சேவை நடத்துகிறது, நல்ல வேலை. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது பச்சையத்தின் நிறத்தை. மேகம் மூடினால் படம் இல்லை. அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் சேறும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் எது பாசி, எது வண்டல் என்று பிரிப்பது சிரமம். அதோடு நாக்டிலூகாவின் ஒரு வகைக்குச் சொந்தமாகப் பச்சையமே கிடையாது. அது டயாட்டம் என்ற நுண்பாசிகளைத் தின்று வாழ்கிறது.

வருமுன் சொல்வதற்கு எனக்கு இந்தத் தீனித் தொடர்பில்தான் நம்பிக்கை. கழிவுநீரும் மழைநீரும் சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், டயாட்டம் பெருகும், தின்ன வருபவன் பின்னால் வருவான். டயாட்டம் ஏறுவதை வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தால் அடுத்தது வருவதற்கான அறிகுறி கையில் இருக்கும். கணினி மாதிரிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் தொடர் எண்ணிக்கை இல்லாவிட்டால் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒரு வருடம் படகு டீசல் பில் பாஸ் ஆகாமல் எங்களுக்கு ஐந்து வாரம் மாதிரி எடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் தண்ணீர் நிறம் மாறி, மறுபடி தெளிந்தும் போனது. எங்கள் அட்டவணையில் அந்த இடம் இன்னமும் காலி. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

சென்னைக்கு இது மீன் பிரச்சினை மட்டும் இல்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைத்தான் குடிநீராக்குகிறோம். 2008-09-ல் பாரசீக வளைகுடாவில் பாசி பெருகி வடிகட்டிகள் அடைத்துக்கொண்டு, குடிநீர் ஆலைகளை நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு நாள் முன்பே தெரிந்தால் உறிஞ்சும் அளவைக் குறைக்கலாம், முன்சுத்திகரிப்பைக் கூட்டலாம்.

நீங்கள் மாணவர் என்றால் நுண்ணோக்கியில் இனம் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நிரல் எழுதுவதை அப்புறம் படிக்கலாம். அப்படியே ஒரு மீனவர் குப்பத்தில் பழகுங்கள். எனக்குத் தெரிந்த ஃபைபர் படகு அண்ணன் ஒருவர் விடியற்காலை நாலரைக்கு போன் பண்ணுவார்: "தம்பி, தண்ணி கொழகொழன்னு இருக்கு, வல வழுக்குது, கவல மீனு ஒன்னும் நிக்கல." அவர் சொன்ன இடத்தில் எடுத்த தண்ணீர் வெறுமனே இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதனால் லூகால் விட்ட இரண்டு பாட்டில்களை அவர் வீட்டிலேயே, வெயில் படாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். தேதியும் நேரமும் அவர் மகள் எழுதி ஒட்டுவாள்.