பொங்கிய ஃபோம் நடுவில் அமுங்குவது பற்றி

வணக்கம். சுங்கை சிப்புட்டில் மீன் பெட்டிக்கு ஃபோம் ஊற்றினால் பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடுகிறது, வெட்டினால் பெரிய பெரிய ஓட்டை, யாரோ சொன்னதால் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தத் திரவத்தை நிறுத்துங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஃபோம் உண்டாக்கக் கலக்கும் இரண்டு திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட்டோடு சேர்ந்தால் ஒரு கிராம் தண்ணீரே சுமார் 1.3 லிட்டர் கரியமில வாயுவைக் கிளப்பும். கலவைக் கணக்கே கெட்டுவிடும்.

இதற்கு வேண்டியது சிலிக்கோன் சர்ஃபாக்டன்ட், அதாவது குமிழிகளைக் காக்கச் சேர்க்கும் ஒரு பொருள். மற்றத் திரவமான பாலியாலும் ஐசோசயனேட்டும் எளிதில் ஒட்டாத ஜோடி. அவற்றைச் சேர்த்து வைப்பது சர்ஃபாக்டன்ட்டின் முதல் வேலை. பெரிய வேலை குமிழியில்தான். கலக்கும்போது உள்ளே போகும் நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் பிறகு ஃபோமின் அறைகளாக வளர்கின்றன. சுவர் இறுகும்வரை சின்னக் குமிழி பெரியதோடு சேர்ந்துவிடாமல் இது காக்கிறது. குறைந்தால் உங்களுக்கு வந்ததுதான் வரும். பொதுவாக 100 பங்கு பாலியாலுக்கு 1 முதல் 2 பங்கு போதும்; மேலே கொட்டினால் காசுதான் போகும். மெத்தை ஃபோமுக்கு விற்பது வேறு வகை, அது வேண்டாம்.

ஆனால் நீங்கள் வாங்கியது இரண்டு டின் செட் என்றால், பாலியால் டின்னிலேயே இது கலந்திருக்கும். தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்தால் பிரிந்தும் போகலாம். பீடோரில் நான் அப்படி ஒரு டின்னைக் கலக்காமல் மேலாக ஊற்றி இரண்டு பெட்டியைப் பாழாக்கினேன். அடிவரை நன்றாகக் கலக்குங்கள், அப்புறம் ஒரு காகிதக் கப்பில் ஊற்றிப் பாருங்கள். அதிலும் அமுங்கினால் டின் எப்போது தயாரானது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.