வழிப்பறி வழக்கில் 'எதிரி விளக்கம் தரவில்லை' என்று தீர்ப்பில் இருந்தால் அப்பீலில் ஜெயிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது: கடலூரில் செயின் பறிப்பு வழக்கில் தம்பிக்குத் தண்டனை ஆகியிருக்கிறது. சாட்சிகள் முடிந்ததும் 313-ஆம் பிரிவின் கீழ் நீதிபதி நேரில் கேட்கும் கேள்விகளுக்கு 'பொய்' என்று மட்டும் சொன்னார், கூண்டேறிச் சாட்சி சொல்லவில்லை. தீர்ப்பில் 'எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எந்த விளக்கமும் அளிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அதை வைத்தே விடுதலை வாங்க முடியுமா?

அந்த வரி மட்டும் போதாது. தீர்ப்பில் அது எந்த இடத்தில் வருகிறது, எந்தச் சாட்சியத்துக்குப் பதிலாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கூண்டேறாததைக் குறை சொல்லியிருந்தால் அது நேரடியான சட்டப்பிழை. எதிரி எழுத்து மூலம் கேட்டாலொழிய அவரைச் சாட்சியாக விசாரிக்க முடியாது. அவர் சாட்சி சொல்லாததைப் பற்றி எதிர்த்தரப்போ நீதிமன்றமோ கருத்துச் சொல்லவே கூடாது என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 315, புதிய சட்டத்தில் 353. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) இதற்கு அடித்தளம். அப்பீல் மனுவில் இதைத் தனிக் காரணமாகவே எழுதுங்கள்.

313 (இப்போது 351) வேறு. அங்கே சத்தியப்பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாவிட்டாலும் பொய் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. ஆனால் சொன்ன பதிலை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். வழிப்பறி வழக்கில் சிக்கலே இங்குதான். பறிபோன நகை பறிபோன கொஞ்ச காலத்துக்குள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் சொல்லாவிட்டால், அவர் திருடர் அல்லது திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டம் 114, உதாரணம் (அ) அது. 'கொஞ்ச காலம்' என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. தலைமறைவாக இருந்தவர் வழக்கு ஒன்றில் ஓராண்டு இடைவெளியையும் உச்ச நீதிமன்றம் 1983-இல் ஏற்றிருக்கிறது.

ஆகவே 'விளக்கம் தரவில்லை' என்பது கைப்பற்றுதலைப் பற்றிய வரி என்றால், அடி விழ வேண்டிய இடம் மௌனம் அல்ல, கைப்பற்றுதல்தான். நகை எதிரி வசம் இருந்ததை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்காத இடத்தை எதிரியின் மௌனத்தால் நிரப்ப முடியாது. ஒப்புதல் வாக்குமூலத்தையும் மகஜரையும் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் குறுக்கு விசாரணையில் நேரம், இடம், எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்பதில் முரண்பட்டார்களா? அடகுக் கடைக்காரரை விசாரித்தார்களா? ரசீது, பேரேடு தாக்கல் ஆனதா? வாக்குமூலத்தில் 'செயினை இன்ன கடையில் வைத்திருக்கிறேன்' என்பது போல, பொருளைக் கண்டுபிடிக்க வழிவிட்ட பகுதி மட்டும்தான் செல்லும். 'நான்தான் பறித்தேன்' என்று போலீஸிடம் சொன்னது செல்லாது. அதைத் தீர்ப்பில் எங்காவது ஆதாரமாக எடுத்திருந்தால் அடிக்கோடிடுங்கள்.

அடுத்து 313 கேள்வித் தாள். இதைப் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 'அ.சா.1 (அரசுத் தரப்புச் சாட்சி 1) முதல் அ.சா.9 வரை உமக்கு எதிராகச் சாட்சியம் அளித்துள்ளார்களே, என்ன சொல்கிறீர்?' என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் அது முறையான கேள்வி அல்ல. அடையாள அணிவகுப்பு, கைப்பற்றுதல், கத்தியைக் காட்டியது என ஒவ்வொரு பாதகமான சங்கதியையும் தனித்தனியாக, எதிரிக்குப் புரியும்படி கேட்டிருக்க வேண்டும். கேட்காத சங்கதியை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984-இல் ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்கவே இல்லை என்றால், விளக்கம் தரவில்லை என்று எப்படிக் குறை சொல்ல முடியும்? ஆனால் இந்தக் குறையால் எதிரிக்கு என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். காட்டினாலும் விடுதலை தானாக வராது. அந்தக் கட்டத்திலிருந்து மீண்டும் கேள்வி கேட்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பவும் கூடும். சம்பவம் நடந்து மிக நீண்ட காலம் ஆகியிருந்தால் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்று விடுவித்ததும் உண்டு.

மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள். பறித்தவர் இவர்தான் என்ற அடையாளச் சாட்சியம் விழுந்து, நகை மட்டும் இவரிடம் இருந்தது என்று நின்றால், பழைய தண்டனைச் சட்டத்தின் 392-ஐ (வழிப்பறி) 411 ஆக (திருட்டுப் பொருளைத் தெரிந்தே வைத்திருத்தல்) மாற்றக் கேட்கலாம். முன்னதற்கு 10 ஆண்டு வரை, பின்னதற்கு 3 ஆண்டு வரை. புதிய சட்டத்தில் இவை 309, 317. ஆயுதம் காட்டியதாக 397-உம் சேர்ந்திருந்தால் குறைந்தபட்சமே 7 ஆண்டு என்பதால், கத்தி பற்றிய சாட்சியத்தைத் தனியாக உடைக்க வேண்டும்.

அப்பீல் போடும் கெடுவைத் தவற விடாதீர்கள். மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாள், அமர்வு நீதிமன்றமே தண்டித்திருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் 60 நாள். புதுச்சேரி வழக்குக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான். தீர்ப்பு நகல் எதிரிக்கு இலவசம். கேப்பர் மலைச் சிறையிலோ (கடலூர்) காலாப்பட்டுச் சிறையிலோ (புதுச்சேரி) உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். அப்பீலோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.