நுரை ஒயினும் பழைய ஊரும்: மாமியாரோடு ஒரு நாள் டல்பாக்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, ஜனவரி கடைசியில் கேப் டவுனுக்கு வருகிறோம். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். நுரை பொங்கும் ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வீட்டுக்காரருக்கு ஆசை. மாமியாருக்கு எழுபது வயது, சுத்த சைவம், குடி என்றாலே முகம் சுளிப்பார், ஆனால் பழைய வீடுகள் என்றால் உயிர். நான் காவடி விரதத்தில் இருப்பேன். மூன்று பேருக்கும் ஒத்துவரும்படி எங்கே போகலாம்? யார் ஓட்டுவது?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள்தான் ஓட்ட வேண்டும், தங்கச்சி. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி காரோட்டியின் 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராம் மதுவுக்கு மேல் இருக்கக்கூடாது. பன்னிரண்டு சதவீத ஒயின் 150 மில்லி குடித்தால் 18 மில்லி சாராயம் உள்ளே போகிறது. அதை உடம்பு எரித்துத் தீர்க்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். சுவை பார்க்கிற மேசையில் ஐந்தாறு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனாலும் முதல் தடவை போகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், விழுங்கிவிடுவார்கள். விரதக்காரர் ஒருவர் வண்டியில் இருப்பது இந்தப் பயணத்துக்கே வரம்.

விரதத்தில் இருப்பவர் அந்த இடத்துக்குள் போகலாமா என்பதை உங்கள் கோயில் பெரியவரிடம் கேளுங்கள். அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உள்ளே வர மனம் ஒப்பவில்லை என்றால் வெளியே மரநிழலில் உட்கார இடம் இருக்கும், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

சரி, எங்கே போவது? மூன்று ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. ஸ்டெல்லன்பாஷ் கேப் டவுனிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். 1679-இல் உண்டான ஊர். பக்கத்திலேயே சிமோன்சிக் பண்ணை இருக்கிறது. புட்டிக்குள்ளேயே நுரைக்க வைக்கும் முறையில் 1971-இல் இந்த நாட்டின் முதல் ஒயினைச் செய்தவர்கள் அவர்கள்தான். ஃபிரான்ஷ்ஹூக் அழகான ஊர், ஆனால் ஜனவரியில் கூட்டம் நெரியும், மாமியாரை வைத்துக்கொண்டு வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். என் ஓட்டு டல்பாக் ஊருக்கு. மாமியாரால் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார முடியாது என்றால் மட்டும் ஸ்டெல்லன்பாஷ்.

டல்பாக் சுமார் 125 கிலோமீட்டர். என்1 சாலையில் கிளாப்மட்ஸ் வரை போய், ஆர்44-இல் வெலிங்டன் தாண்டி, அப்புறம் ஆர்46-இல் நியூவேக்ளூஃப் கணவாய்க்குள் நுழைந்தால் மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் இறங்குவீர்கள். வெலிங்டனிலிருந்து பேய்ன்ஸ்க்ளூஃப் வழியாகவும் போகலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். 1853-இல் திறந்த மலைப்பாதை, பார்க்க அருமை, ஆனால் குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. மாமியாருக்குத் தலை சுற்றும், வேண்டாம்.

காலை ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள். பலர் முதலில் ஒயின் பண்ணை, பிறகு ஊர் என்று வைத்துக்கொள்வார்கள். கோடையில் நான் அதை மாற்றிச் சொல்வேன். அந்தக் கிண்ணத்துக்குள் மதிய வெயில் கொளுத்தும். காலையிலேயே சர்ச் ஸ்ட்ரீட்டை நடந்து பார்த்துவிட்டு, பதினொன்றரை வாக்கில் பண்ணைக்குப் போனால், வெளியே வெயில் ஏறும்போது நீங்கள் குளிர்ந்த நிலவறையில் இருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் நாக்கு சுத்தமாக இருக்கும்போதுதான் ஒயினின் சுவையும் சரியாகத் தெரியும்.

சர்ச் ஸ்ட்ரீட் ஒரு சின்னத் தெரு. அதில் 32 வீடுகள் தேசிய நினைவுச் சின்னங்கள், ஒரே தெருவில் இத்தனை இந்த நாட்டில் வேறெங்கும் இல்லை. 1969 செப்டம்பர் 29 இரவு பத்து மணிக்குமேல் 6.3 அளவு நிலநடுக்கம் வந்து இந்தத் தெருவைக் குலைத்துப் போட்டது. அதற்கு முன்பே பல வீடுகள் காலப்போக்கில் உருமாறி, கூரைக்குத் தகரம் வந்து, பழைய முகப்புகளை இழந்திருந்தன. இடிந்ததைத் திரும்பக் கட்டும்போது, கட்டடக் கலைஞர் கவீ ஃபாகனும் குழுவினரும் சுவர்களுக்குள் ஒளிந்திருந்த பழைய வடிவத்தைத் தேடி எடுத்து, வைக்கோல் கூரையும் வளைந்த முகப்பும் மீண்டும் வைத்தார்கள். ஆகவே நீங்கள் பார்ப்பது பாதி பழமை, பாதி பொறுமையான மறுகட்டுமானம். 1743-இல் கட்டிய பழைய தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். இடிந்த தெருவின் படங்களை முதலில் பார்த்துவிட்டு நடந்தால் ஒவ்வொரு சுவரும் வேறு மாதிரி தெரியும்.

வீட்டு வாசலில் உயரமான ஒரு மேடை இருக்கும், இங்கே அதை 'ஸ்டூப்' என்பார்கள். உங்கள் மாமியார் பார்த்த உடனே "திண்ணை" என்பார் பாருங்கள். நான் அழைத்துப்போன நம்மூர்ப் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டர்பனில் வளர்ந்த நமக்கு, நம் கதை 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்குவதாகவே சொல்லித் தந்திருக்கிறார்கள். கேப் டவுனைச் சுற்றிய இந்தக் கேப் பக்கம் அந்தக் கதைக்கு இருநூறு வருடம் முந்தைய ஓர் அத்தியாயம் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த காலத்தில், வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாக இங்கே கொண்டுவந்தார்கள். 1808 வரை கேப்புக்கு வந்துசேர்ந்த அடிமைகள் அறுபதாயிரத்துக்கு மேல், அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. சொந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டு, வந்த இடத்தைப் பெயரோடு ஒட்டினார்கள் ('ஃபான்' என்றால் 'இன்ன இடத்திலிருந்து'): 'ஃபான் கொரமண்டல்', 'ஃபான் பெங்காலே', 'ஃபான் மலபார்'. வேறு பலருக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்கள். இன்றும் கேப் டவுனில் செப்டம்பர், பிப்ரவரி என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

டச்சுக் குடியேறிகள் 1700 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்தார்கள். அதற்கு முன் இது கொய்கொய் என்ற பூர்வகுடி மக்களின் மேய்ச்சல் நிலம். திராட்சை நட்டது, சுவர் எழுப்பியது, சுண்ணாம்பு பூசியது எல்லாம் பெரும்பாலும் அடிமைகளின் கைகள். கேப்பின் பழைய வீடுகளுக்குக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் கடற்கரை ஊர்களில் செய்த அதே வேலை. அடிமை முறை சட்டப்படி 1834 டிசம்பர் 1-ஆம் தேதி ஒழிந்தது, ஆனால் 'தொழில் பழகுபவர்' என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம் கட்டிப்போட்டு 1838-இல்தான் விட்டார்கள். இந்த வீட்டை எந்தக் கை கட்டியது என்று பெயர் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முடிந்தால் முந்தின நாளே கேப் டவுனில் ஆடர்லி ஸ்ட்ரீட்டிலுள்ள ஸ்லேவ் லாட்ஜ் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். டல்பாக் பிறகு சும்மா அழகான தெருவாகத் தெரியாது.

அப்புறம் ஒயின். ஊருக்கு வெளியே ட்வீ யோங்கே கெசெல்லன் என்ற பண்ணை, 1710-இல் தொடங்கியது. பெயருக்கு 'இரண்டு இளம் பிரம்மச்சாரிகள்' என்று பொருள். இங்கிருந்து வருவதுதான் 'க்ரோன' நுரை ஒயின். கேப்பில் இந்த வகைக்குப் பொதுப்பெயர் 'காப் கிளாசிக்'. ஷாம்பெயின் என்று சொல்லக்கூடாது. பிரான்ஸ் நம் சிங்கி இறாலை வாங்கிக்கொள்ள, நாம் அவர்கள் ஊர்ப்பெயர்களைப் புட்டியில் போடுவதில்லை என்று 1935-இல் செய்த ஒப்பந்தம் அது.

செய்முறை மாமியாருக்கே பிடிக்கும். இட்லி மாவு பொங்குகிறதே, அதே சங்கதிதான். புளிப்பு குறையாமல் இருக்கும்போதே திராட்சையைப் பறிக்க வேண்டும், அதனால் மற்ற ஒயின்களுக்கு முன்பே, ஜனவரியிலேயே அறுவடை தொடங்கிவிடும். பகல் சூட்டில் பழம் நொந்துபோகும் என்று இரவில் விளக்கு வைத்துப் பறிப்பது இந்தப் பண்ணையின் வழக்கம். பிழிந்த சாறு முதலில் சாதாரண ஒயினாகிறது. அதைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, சோடா புட்டி மூடிபோல ஒன்றால் இறுக்கிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். மாவுப் பாத்திரத்தில் அந்த வாயு வெளியே போய்விடுகிறது, இங்கே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைகிறது. புட்டிக்குள் அழுத்தம் ஐந்தாறு வளிமண்டலம், கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். கண்ணாடி அவ்வளவு தடிப்பாக இருப்பது அதனால்தான்.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்துப் புட்டியின் அடியில் படியும். அதன்மேலேயே பல மாதம், சில புட்டிகள் வருடக்கணக்கில் கிடக்கும். சுட்ட ரொட்டியின் வாசனை வருவது அதிலிருந்துதான். அப்புறம் துளை போட்ட பலகையில் சாய்த்து, நாள்தோறும் கொஞ்சம் திருப்பித் திருப்பி, கழுத்து கீழே வரும்படி கவிழ்ப்பார்கள். பணியாளரிடம் கேட்டு அப்படி ஒரு புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அரிசி களைந்த தண்ணீரின் அடியில் தங்கும் மாவுபோல மங்கலான வெள்ளை, அசைத்தால் புகைபோல எழும். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் அந்த வண்டல் பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே போகும். குறைந்ததை இன்னொரு ஒயினால் நிரப்பி, தக்கை அடைத்து, கம்பி கட்டுவார்கள். 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாதது. உங்கள் வீட்டுக்காரருக்கு இனிப்புதான் பிடிக்கும் என்றால் 'டெமி-செக்' கேட்கச் சொல்லுங்கள், முதல் தடவை குடிப்பவர்களுக்குப் புரூட் வெறும் புளிப்பாகவே படும்.

வீட்டில் வேறு சைவர்கள் ஒயின் குடிப்பவர்களாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனிலிருந்து எடுக்கும் பசை, ஜெலட்டின் ஆகியவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவார்கள். கேட்டால் சொல்வார்கள்.

எங்கே போனாலும் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஒரு முறை பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வேறொரு பண்ணைக்குப் போய், அன்று அங்கே கல்யாணம், கேட்டைத் திறக்கவே இல்லை. வயதானவர்களோடு வெயிலில் நின்ற அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: நிலவறையைச் சுற்றிக்காட்டுவார்களா, படிக்கட்டு எத்தனை, முட்டைகூடச் சேராத சைவச் சாப்பாடு கிடைக்குமா. இங்கே சைவம் என்றால் சீஸும் முட்டையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள். மாமியாருக்குப் புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போவதே நிம்மதி. பல பண்ணைகளில் வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை, ஆகவே ஊரிலேயே ஒரு மர நிழல் பார்த்துச் சாப்பிட்டுவிடுங்கள். விரதம் என்பதால் உங்களுக்கும் அதுதான் வசதி. தண்ணீர் நிறைய வையுங்கள்.

புட்டி வாங்கினால் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் விடாதீர்கள். சூடு ஏறினால் உள்ளே அழுத்தமும் ஏறும், சுவையும் கெடும். ஓர் ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். டர்பனுக்கு விமானத்தில் எடுத்துப்போகும்போது துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, செக்-இன் செய்துவிடுங்கள். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் சமன் செய்யப்படுவதால் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் அசையாமல் வைத்து, நன்றாகக் குளிரவைத்து, கம்பியை ஆறு அரைச் சுற்று அவிழ்த்து, தக்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் புட்டியைத் திருப்பச் சொல்லுங்கள். முகத்தை விலக்கியே வைத்திருக்கட்டும்.