அந்தமான்: முதலில் கப்பல், அப்புறம் ரூம்
வாசகர் கேள்வி – பதில்

பிப்ரவரியில் நானும் மனைவியும் ஆறு இரவு அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். ஏஜென்ட் சொல்லும் பேக்கேஜ் விலை கட்டுப்படியாகவில்லை. நாங்களே ஏற்பாடு செய்தால் எதில் மிச்சம் பிடிக்கலாம்?
— தனியார் நிறுவன ஊழியர், ஈரோடு

விமான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டால், அதற்கடுத்து பெரிய செலவு கப்பல்தான். தலைநகர் போர்ட் பிளேர் – ஹேவ்லாக் தீவு – நீல் தீவு – போர்ட் பிளேர் என்று மூன்று தடவை கடல் தாண்ட வேண்டும். தனியார் அதிவேகக் கப்பலில் மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்குச் சுமார் நான்காயிரம் ரூபாய், சீசனில் அதற்கும் மேல். அரசுக் கப்பலில் பொதுவாக அதில் பாதிகூட ஆகாது. ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகும், அரசுக் கப்பல் இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுக்கும். தனியார் கப்பலில் ஏசி அறைக்குள் அடைந்து உட்கார வேண்டும். அரசுக் கப்பலில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். பணம் குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

பலரும் ரூமை முதலில் போட்டுவிட்டு, அந்தத் தேதிக்குக் கப்பல் கிடைக்காமல் அல்லாடுவார்கள். விமானம், கப்பல், ரூம் என்ற வரிசையில் போங்கள். ரூமை முன்பே போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பணம் பிடிக்காமல் ரத்து செய்ய முடிகிற இடமாகப் பாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசல் பிப்ரவரியில் இருக்காது.

ஹேவ்லாக்கில் இறங்கியதும் ஜெட்டி (கப்பல் துறை) வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ராதாநகர் கடற்கரை அங்கிருந்து 12 கிலோமீட்டர் போல. அரசு பஸ் இருக்கிறது, ஆனால் எண்ணி நாலைந்து நடைதான். நேரத்தை ஜெட்டியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு வாடகை ஸ்கூட்டர்தான் லாபம். லைசென்ஸ் அசல் கையில் இருக்கட்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் போட்டோ எடுத்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். கடற்கரை ரெசார்ட்டில் சாப்பிடும் காசில் மூன்றாம் நம்பர் கிராம பஜாரில் இரண்டு பேர் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் பக்கம் தமிழிலேயே பேசி இட்லி வாங்கலாம்.

அரசுக் கப்பல் டிக்கெட் வாங்குவது எப்படி? இணையத்தில் தேடினால் 'ஹேவ்லாக்' என்ற பெயரே வரவில்லையே?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

2018 டிசம்பரில் பெயர் மாறிவிட்டது. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஊரில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், டிக்கெட்டில் புதுப் பெயர்தான் இருக்கும்.

அந்தமான் கப்பல் போக்குவரத்துத் துறையின் தளத்தில் டிக்கெட் எடுக்கலாம். இல்லையென்றால் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கவுண்டர் உண்டு. முன்பதிவு சில நாள் முன்னால்தான் திறக்கும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். கவுண்டருக்குப் போவதென்றால் திறப்பதற்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். பயணிகளின் பெயர், வயது, அடையாள அட்டை எண் எழுதிய படிவமும், ஆளுக்கொரு ஆதார் நகலும் கையில் இருந்தால் வேலை சுருக்காக முடியும். நகல் எடுக்கக் கடை தேடி ஓடினால் வரிசை போய்விடும். தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு, முன்னுரிமையும் உண்டு. அவர்களுக்கு இதுதான் டவுன் பஸ், ஆஸ்பத்திரிக்கும் இதில்தான் வர வேண்டும். கவுண்டரில் சண்டை வேண்டாம்.

முதல் இரவைப் போர்ட் பிளேரில் வைத்து, அன்று பகலிலேயே அடுத்த இரண்டு பயணத்துக்கும் டிக்கெட் முயலுங்கள். கிடைக்காத ஒன்றுக்கு மட்டும் தனியார் கப்பல். மூன்றையும் அரசுக் கப்பலில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்து ஒரு நாளை இழந்தால், ரூம் வாடகையில் மிச்சமெல்லாம் கரைந்துவிடும்.

சென்னையிலிருந்து கப்பலிலேயே போனால் மலிவா?
— வாசகர், விழுப்புரம்

பங்க் வகுப்பில் (அடுக்குப் படுக்கை) மலிவுதான். ஆனால் கடலிலேயே சுமார் மூன்று நாள், போக மட்டும். மாதத்துக்குச் சில கப்பல்தான், அதுவும் தேதி தள்ளும். இரண்டு வாரம் விடுப்பு உள்ளவர் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு நாள் லீவில் போகிறவர் நினைக்கவே வேண்டாம்.

அம்மாவுக்கு 62 வயது, பஸ்ஸிலேயே வாந்தி வரும். கப்பல் தாங்குவாரா?
— இல்லத்தரசி, கரூர்

காலைக் கப்பலில் டிக்கெட் எடுங்கள். பெரும்பாலும் பிற்பகலைவிடக் காற்று குறைவாக இருக்கும். தனியார் கப்பலென்றால் இருக்கை நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும். 'முன்வரிசையில் ஜன்னல் ஓரம்' என்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவார்கள். அதிவேகக் கப்பலில் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். அரசுக் கப்பலென்றால் மேல்தளத்தில் உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மொபைல் பார்க்கக் கூடாது. உள்காது 'ஆடுகிறேன்' என்கிறது, கண் 'ஆடவில்லை' என்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல்.

வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். புரோமெத்தசின் வகை மாத்திரையைப் (கடையில் அவோமின் என்று கிடைக்கும்) புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், ஆகவே இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கண் நீர் அழுத்தமோ வேறு தொடர் மருந்தோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நீல் தீவுக்கு ஒரு நாள் போதுமா? இயற்கைப் பாலம் பார்க்கப் போன நண்பர், தண்ணீர்தான் இருந்தது என்கிறார்.
— வாசகர், தஞ்சாவூர்

ஓதம் ஏறிய (கடல் நீர் உயர்ந்த) நேரத்தில் போயிருப்பார். அந்தப் பாறை வளைவுக்குப் போகும் வழி முழுக்கப் பாறையும் பவளத் திட்டும். கடல் வற்றும்போதுதான் நடக்க முடியும். வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 7 மணிக்கு என்றால் நாளை 8 மணிக்குச் சற்று முன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும், ஆகவே தேதி குறிக்கும்போது வீட்டு நாள்காட்டியை ஒருமுறை புரட்டிவிடுங்கள். நேரத்தை விடுதியில் கேட்டால் சொல்வார்கள். பாறை வழுக்கும், பவளம் கிழிக்கும். பின்பட்டி உள்ள செருப்பு போடுங்கள். குழிகளில் தேங்கிய நீரில் கையை விட வேண்டாம்.

ஒரு இரவாவது தங்குங்கள். சில கிலோமீட்டரில் முடிகிற தீவு, வாடகை சைக்கிளே போதும். அங்கே டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மதியம் தூங்கி எழுந்து லட்சுமண்பூர் கடற்கரைக்குப் போகலாம் என்றால் இருட்டுதான் மிஞ்சும்.

கூட்டமில்லாத தீவு ஏதாவது உண்டா?
— புகைப்படக்காரர், நாகர்கோவில்

லாங் ஐலண்ட். ஹேவ்லாக்கிலிருந்தோ போர்ட் பிளேரிலிருந்தோ அரசுக் கப்பல் உண்டு, தினமும் இருக்காது. எந்தக் கிழமை என்று பார்த்துத் திட்டமிடுங்கள். தங்குமிடம் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டு வழியில் நடக்கலாம், அல்லது சிறு படகு பேசலாம். நாலு பேர் சேர்ந்தால் படகு கட்டுப்படியாகும்.

அங்கிருந்து படகில் ரங்கட் போய், பஸ்ஸில் போர்ட் பிளேர் திரும்பலாம். முழுப் பகல் எடுக்கும். மிடில் ஸ்ட்ரெயிட் என்ற இடத்தில் பஸ்ஸும் படகேறித்தான் கடலைக் கடக்கும். பிறகு ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. வண்டிகளைச் சேர்த்து, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். அந்த வழியில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும், பிஸ்கட் கொடுப்பதும் குற்றம்.

புயல் வந்தால் என்ன செய்வது?
— வாசகி, மதுரை

கப்பல் ஓடாது, அவ்வளவுதான். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. டிசம்பர் சீசன்தானே என்று நம்ப முடியாது. ஜனவரிக்குப் பின் ஏப்ரல் வரை ஓரளவு நிம்மதி. எப்போது போனாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருங்கள். காலை ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி மதியம் விமானம் பிடிப்பது சூதாட்டம்.

ராஸ் தீவு, நார்த் பே போகும் சிறிய படகுகள் பாதுகாப்பானவையா?
— ஆசிரியர், காஞ்சிபுரம்

2014 ஜனவரி 26 அன்று அந்த வழியில்தான் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் பலர். படகு ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தது. படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள், ஏறுகிறவர்களை எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல், பக்கிள் போட்டு, ஜாக்கெட்டின் தோள்பகுதியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குத் தனி அளவு கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு கொண்டுவரலாமா?
— வாசகி, சேலம்

கூடாது. செத்த பவளமானாலும் வன உயிரினச் சட்டத்தில் வரும். விமான நிலைய ஸ்கேனரில் பிடித்துப் பையைக் கொட்டச் சொல்வார்கள். சங்கு வேண்டுமென்றால் அரசு அனுமதி பெற்ற கடையில் வாங்கி, பில்லை மடித்து அதனுடனேயே வையுங்கள்.